இடது பக்கம் 1013

நவம்பர் 27

சென்னை – தூத்துக்குடி. மன்னார் வளைகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு. வழியெல்லாம் மேகம், மழை, ஆட்டம். தூத்துக்குடியில் இறங்க முடியவில்லை. கடைசி நேரத்தில் மேலே எழுப்பி மதுரைக்குக் கொண்டுபோய் இறக்கினேன். அறுபத்தொரு பயணிகள், யாருக்கும் ஒன்றுமில்லை. மோகனா என்ற பணிப்பெண் மட்டும் விழுந்து தோள் எலும்பில் அடி. மழை விட்டதும் மதுரையிலிருந்து சென்னைக்குத் திரும்பினோம்.

அறிக்கையில் ‘மோசமான வானிலை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

கோ-பைலட் பிரிசில்லா. இரண்டு வருடமாகத்தான் பறக்கிறாள். திரும்பும் வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கிப் போகும்போது ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. இவர்களுக்கெல்லாம் யார் மரியாதை கற்றுக்கொடுக்கிறார்கள்?

வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. பிளம்பர் நாளை வருவானாம்.

நவம்பர் 28

பிளம்பர் வரவில்லை.

நவம்பர் 29

நாணா போன் செய்தான். விமானப்படையில் என்னோடு சேர்ந்தவன். இப்போது எங்கள் கம்பெனியின் தலைமை விமானி. “கேப்டன் பொன்னுரங்கம்” என்று அவன் ஆரம்பித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடத்தில் என்னை ‘டேய் பொன்னு’ என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டவனில்லை.

மறு உத்தரவு வரும்வரை நான் பறக்கக் கூடாதாம். பிரிசில்லா புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். தூத்துக்குடியில் இறங்கும்போது உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் என் பக்கத்து அழுத்த எண்ணை மாற்றவில்லையாம். அவள் எச்சரித்தும் நான் கேட்கவில்லையாம். தரை நெருங்கிவிட்டது என்று கருவி கத்திய பிறகுதான் மேலே எழுப்பினேனாம்.

அவள் பிறப்பதற்கு முன்பே லேயில் பனிமலைக்கு நடுவில் விமானத்தை இறக்கியவன் நான். அவள் எனக்கு எச்சரிக்கை செய்தாளாம். பக்கத்தில் ஏதோ முனகினாள். அவ்வளவுதான். மழை கண்ணாடியில் சரளைக்கல்லாக அடிக்கும்போது ஒருத்தி முனகினால் அதற்குப் பெயர் எச்சரிக்கையா?

டிசம்பர் 1

என்ன நடந்தது என்று கேட்டு என் மனைவி வசுமதி விடமாட்டாள் போலிருக்கிறது. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து எடுத்து, எதையும் படிப்படியாகச் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. சாப்பிட்ட பிறகு சொன்னேன்.

ஆல்டிமீட்டர் உயரத்தை நேராக அளப்பதில்லை. வெளியே இருக்கும் காற்றழுத்தத்தை அளந்து அதை உயரமாகக் காட்டுகிறது. அழுத்தமோ ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். அதனால் அதில் ஒரு சிறிய குமிழ் வைத்திருக்கிறார்கள். மேலே பறக்கும்போது எல்லா விமானங்களும் 1013 என்ற ஒரே பொது எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஒன்றோடொன்று முட்டாது. இறங்கும்போது அந்த ஊரின் அன்றைய அழுத்தத்தைத் தரையிலிருந்து கன்ட்ரோலில் சொல்வார்கள். குமிழைத் திருகி அந்த எண்ணுக்கு மாற்ற வேண்டும். அன்று தூத்துக்குடியில் 998.

எப்போது மாற்றுவது என்பதில்தான் சண்டையே. இத்தனையாவது உயர மட்டத்தைக் கடக்கும்போது மாற்று என்பது நான் பழகிய முறை. கன்ட்ரோலில் இறங்கச் சொன்ன உடனே மாற்றலாம் என்பது கம்பெனியின் புதிய கையேடு. மாற்றலாம். மாற்ற வேண்டும் என்று அதில் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் காதில் விழுந்த உடனே திருகிவிடுவார்கள். நான் மட்டத்தைக் கடக்கும்போது மாற்றுகிறவன். அன்று மட்டத்தைக் கடக்கிற நேரத்தில் எதிரே கறுப்பாக ஒரு மேகம். அதைச் சுற்றிப் போவதா, விதியைப் படித்துக்கொண்டிருப்பதா?

“மாத்தலைன்னா என்ன ஆகும்?” என்றாள்.

முள் காட்டுவதைவிட நானூறு அடி கீழே இருப்போம் என்றேன்.

திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள்: “அந்தப் பொண்ணு சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க?”

‘தெரியும்’ என்று சொன்னேன் என்றேன். தெரிந்துதானே இருந்தது. மேகத்தைத் தாண்டியதும் மாற்றத்தான் இருந்தேன். நடுவில் இந்தப் பெண் மூக்கை நுழைத்துக் கவனத்தைக் கலைத்துவிட்டாள். அதுதான் நடந்தது.

டிசம்பர் 4

மோட்டார் சரியாயிற்று. பால்கனிக்குப் புறா வலை கட்ட ஆள் வந்தான். ஆணியை வளைத்து வளைத்து அடித்தான். கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கி நானே கட்டினேன். தலைக்கு மேலே ஒவ்வொரு விமானமாகப் போகிறது. சத்தத்திலேயே எது எங்களுடையது என்று தெரிகிறது. வீட்டை இவ்வளவு பக்கத்தில் வாங்கியிருக்கக் கூடாது.

டிசம்பர் 9

குரோம்பேட்டைக்குப் போய் மோகனாவைப் பார்த்தேன். என் விமானத்தில் அடிபட்ட பெண்ணை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவளுடைய அம்மா காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இறங்கும் நேரத்தில் எதற்கு எழுந்தாய் என்று கேட்டேன். பின்வரிசையில் ஒரு குழந்தை பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிட்டதாம். அதைப் பிடித்து உட்கார வைத்த நிமிடத்தில் விமானம் செங்குத்தாக எழும்பியிருக்கிறது. இருக்கை முனையில் மோதி விழுந்திருக்கிறாள். விதிப்படி அவள் எழுந்திருக்கவே கூடாது. சொல்ல வாயெடுத்தேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அவளே பேச்சை எடுத்தாள். “நான் எழுந்து போறதுக்கு முன்னாடி பைலட் ரூம் கதவோரத்துலதான் சார் உட்கார்ந்திருந்தேன். பிரிசில்லா மேடம் சத்தம் வெளிய கேட்டுச்சு. மேடம் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல.”

விசாரணைக்குக் கூப்பிட்டார்களா என்று கேட்டேன். இல்லையாம். கேபின் ஊழியர்களை இதற்கெல்லாம் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

வாங்கிப் போயிருந்த ஆப்பிளை வைத்துவிட்டு வந்தேன். வெளியே வந்த பிறகுதான் செருப்பை மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

டிசம்பர் 12

நாணா வீட்டுக்கு வந்தான். இந்த முறை ‘டேய் பொன்னு’.

விமானி அறையின் குரல் பதிவு கிடைக்கவில்லை என்றான். அந்தக் கருவி இரண்டு மணி நேரம்தான் வைத்திருக்கும். பிறகு பழையதன் மேலேயே புதியது பதிவாகும். நாங்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓட்டி வந்தோம். பிறகு வேறு இரண்டு பேர் அதே விமானத்தை ஹைதராபாத்துக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அழிந்துவிட்டது. பதிவை நிறுத்தி வைத்திருக்க வேண்டியவர் கேப்டன்தான் என்கிறது புத்தகம். வானிலையால் மேலே எழுப்பியதற்கெல்லாம் யார் பதிவை நிறுத்துவார்கள்?

ஆக, உயரமும் வேகமும் கருவியில் இருக்கின்றன. யார் என்ன பேசினார்கள் என்பதற்கு அவள் வார்த்தை ஒன்று, என் வார்த்தை ஒன்று.

நாணா புகாரின் நகலைக் காட்டினான். அவள் சொன்னதாக எழுதியிருப்பது இது: ‘சார், உங்க பக்கம் இன்னும் 1013லயே இருக்கு.’ தமிழில்.

“கையேட்டுல இதுக்குன்னு ஒரு வாக்கியம் இருக்கு இல்ல? இங்கிலீஷ்ல?” என்றான்.

இருக்கிறது. இன்னின்ன வார்த்தைகளில், இன்ன வரிசையில் சொல்ல வேண்டும் என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

“முறைப்படி எச்சரிக்கை வந்துச்சா வரலியான்னுதான் கேப்பாங்க. நீ அதுக்கு மட்டும் பதில் சொல்லு. உனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ஏழு வருஷம் இருக்குடா.”

அவன் தோசை சாப்பிட்டுவிட்டுப் போனான். வசுமதி அவனுக்கு வைத்த தட்டை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள்.

டிசம்பர் 18

விசாரணை. நீள மேசை, மூன்று பேர், ஆறிப்போன டீ.

குமிழை ஏன் மாற்றவில்லை என்று கேட்டார்கள். கையேட்டை விரித்து ‘மாற்றலாம்’ என்ற இடத்தைக் காட்டினேன். நடுவில் இருந்தவர் தலையாட்டினார். அந்த வரி தெளிவாக இல்லை என்று குறித்துக்கொண்டார். மாற்றாமல் விட்டது என் கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன் என்றேன். அந்த மேகம், அந்த ஆட்டம், எல்லாம் சொன்னேன். நன்றாகவே கேட்டார்கள்.

பிறகு அந்தக் கேள்வி. துணை விமானி முறைப்படி எச்சரித்தாரா?

“முறைப்படி, இல்லை,” என்றேன்.

பிரிசில்லா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “நான் சொன்னேன் சார்,” என்றாள் அவர்களைப் பார்த்து. என்ன வார்த்தையில் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். சொன்னாள். கையேட்டில் இருப்பது அதுதானா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். கேப்டன் கேட்கவில்லை என்றால் கட்டுப்பாட்டை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறதே, ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அதுதான். ‘சொன்னாளா’ என்று அவர்கள் கேட்கவில்லை. ‘முறைப்படி’ என்றார்கள். விதி என்றால் விதி. அவள்தானே விதியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவள்? விதியின் ருசி அவளுக்கும் தெரியட்டும்.

அவள் எழுதியிருப்பதைப் படித்தால் நான் ஏதோ அவளை மிரட்டியதுபோல இருக்கிறது. முதல் முறை அவள் சொன்னபோது நான் எதுவுமே சொல்லவில்லை. இரண்டாவது முறை ‘தெரியும்’ என்றேன். வாயை மூடிக்கொண்டு வெளியே பார் என்றது மூன்றாவது முறைதான். மழைச் சத்தத்தில் அதைக் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

டிசம்பர் 19

தூக்கமில்லை. அன்று தூத்துக்குடியில் மேகத்தைப் பிளந்துகொண்டு வந்ததும் ஜன்னலில் தெரிந்தது உப்பளப் பாத்தி. பாத்தியில் ஒருவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் குனியவில்லை, ஓடவில்லை. எங்களைப் பார்க்க அவர் தலையை நிமிர்த்தக்கூட வேண்டியிருக்கவில்லை. நேராகப் பார்த்தார்.

ஜனவரி 11

தீர்ப்பு வந்தது. எனக்கு பிப்ரவரி வரை பறக்கத் தடை, பிறகு சிமுலேட்டரில் பயிற்சி, பிறகு பழையபடி. பிரிசில்லாவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. கேப்டன் பதவிக்கான பயிற்சி இரண்டு வருடம் தள்ளிவைப்பு. கையேட்டில் ‘மாற்றலாம்’ என்பதை ‘மாற்ற வேண்டும்’ என்று திருத்தப் போகிறார்களாம். நான் சொன்னதால் வந்த திருத்தம். அதற்கு ஒரு நன்றிகூட இல்லை.

பிரிசில்லா வேலையை விட்டுவிட்டதாக நாணா சொன்னான். யாரும் போகச் சொல்லவில்லை. அவளாகப் போனாள்.

வசுமதியிடம் சொன்னேன். “ஜெயிச்சிட்டீங்க,” என்றாள். அதை எந்தக் குரலில் சொன்னாள் என்று இப்போதும் தெரியவில்லை.

ஜனவரி 12

வசுமதி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டாள்.

பிப்ரவரி 20

சிமுலேட்டர் முடிந்தது. எல்லாவற்றிலும் தேர்ச்சி. பயிற்சி கொடுத்தவன் என்னிடம் படித்தவன். தொட்டதற்கெல்லாம் ‘சூப்பர் சார்’ என்றான். எரிச்சலாக இருந்தது.

மார்ச் 3

மறுபடி வேலை. பெங்களூரு போய் வந்தேன். கூட வந்த பையன் ரொம்ப மரியாதை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம். முன்பெல்லாம் இந்தப் பிள்ளைகள் சினிமா, கிரிக்கெட், வீட்டில் பார்க்கும் பெண் என்று வாய் ஓயாது. இப்போது நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. நிற்கட்டும். நான் அங்கே அரட்டைக்குப் போகவில்லை.

மார்ச் 14

இந்தப் பக்கத்தை ஒரு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கோபத்தில்.

விஜயவாடா. வெயில், தெளிவான வானம், ஒரு பிரச்சினையும் இல்லாத காலை. கூட வந்தவன் கார்முகிலன், சேலத்துக்காரன், ஆறு மாத அனுபவம். கன்ட்ரோலில் அழுத்தம் 1004 என்றார்கள். சொன்ன உடனே திருகினேன், புதிய கையேட்டின்படி. இவன் சரிபார்க்கும் பட்டியலை வாசித்தான். 1004 என்றேன். அவனும் 1004 என்றான்.

ஓடுபாதையோரத்தில் நான்கு விளக்குகள் உண்டு. சரியான சரிவில் வந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரியும். எனக்கு நான்கும் சிவப்பாகத் தெரிந்தன. ரொம்பத் தாழ்ந்துவிட்டோம் என்று அர்த்தம். முள்ளைப் பார்த்தால் சரியாக இருக்கிறது. முள்ளை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்தே ஏற்றி இறக்கினேன். விமானத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன், என் பக்கம் 1014. ஒரே ஒரு இலக்கம். வாயால் 1004 என்று சொல்லிக்கொண்டு கையால் 1014 வைத்திருக்கிறேன். அவன் பக்கம் 1004.

பயணிகள் இறங்கிப் போகும்வரை பொறுத்தேன்.

“இதைப் பார்த்தியா?” என்றேன்.

“பார்த்தேன் சார்.”

“எப்போ?”

“நீங்க வெச்சப்பவே சார்.”

“ஏன் சொல்லல?”

அவன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் திமிர் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், இல்லை. வேர்த்திருந்தது.

“எந்த வார்த்தையில சொல்லணும்னு யோசிச்சிட்டிருந்தேன் சார். இங்கிலீஷ்ல அந்த வாக்கியத்தை மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கடைசி வார்த்தை ஞாபகம் வரல. தப்பா சொன்னா சொல்லாத மாதிரிதானே சார் எடுத்துப்பாங்க.”

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. கீழே எண்ணெய் நிரப்புகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அறுபது பேர் உயிர் உன் இலக்கணத்துக்காகக் காத்திருக்குமா என்று கேட்டேன். அவன் ‘சாரி சார்’ என்றான். திரும்பி வரும்போது ஒவ்வொரு எண்ணையும் நானே இரண்டு தடவை உரக்கச் சொன்னேன். அவன் ஒவ்வொன்றுக்கும் சரி என்றான். அவன் சரி என்றதை நான் ஒரு தடவைகூட நம்பவில்லை.

இவனை விடப்போவதில்லை. நாளை நாணாவிடம் எழுத்து மூலம் புகார்.

மார்ச் 15

நாணாவின் அறைக்கு நேராகப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கார்முகிலனை உடனே பறக்க விடாமல் தரையில் உட்கார வைக்க வேண்டும், பார்த்துக்கொண்டே வாயை மூடியிருந்தவன் எவனும் அந்த இருக்கையில் உட்காரத் தகுதியில்லை என்றேன்.

நாணா கணினியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டான். எழுதிவிடலாம், பிரிசில்லாவுக்கு எழுதிய எச்சரிக்கையின் அதே வாசகம் இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றான்.

அதே வாசகமா? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மேசையில் அடித்தேன்.

“எப்படிடா அதே வாசகம்? அந்தப் பொண்ணு மூணு தடவ சொன்னாடா. மூணாவது தடவ கத்தினா. இவன் ஒரு தடவகூட வாயத் திறக்கல.”

நாணா கணினியிலிருந்து கையை எடுத்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். உட்காரவில்லை.

“நீ இப்ப சொன்னது எனக்குக் கேக்கல, பொன்னு.”

அவன் எனக்கு வழி விடுகிறான் என்று புரிந்தது. முப்பது வருடமாக ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த வழி. வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த விமானத்துக்குப் போகிறேன் என்றால் போதும். அவன் சாத்தியிருந்த கதவைத் திறந்தேன். வெளியே இரண்டு மூன்று பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். கார்முகிலனும் இருந்தான்.

“கேக்கலன்னா மறுபடி சொல்றேன். மூணு தடவ சொன்னா,” என்றேன். “எழுதிக்கோ.”

மார்ச் 16

வசுமதியிடம் சொன்னேன், முதல் முறையிலிருந்து மூன்றாவது முறை வரை. குறுக்கே பேசாமல் கேட்டாள். “சாப்பிட்டீங்களா?” என்றாள்.

ஏப்ரல் 22

அதே அறை, அதே மேசை. மறு விசாரணை. மோகனாவையும் இந்த முறை கூப்பிட்டிருந்தார்கள். கதவோரத்தில் கேட்டதைச் சொன்னாள். கை இன்னும் முழுதாக மேலே தூக்க வரவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். போன முறை நன்றாகத் தலையாட்டிய நடு ஆள் இந்த முறை குனிந்தே எழுதினார். என் உரிமம் போகிறது. மேலே முறையிடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். பிரிசில்லாவின் எச்சரிக்கையை நீக்கி, அவள் விரும்பினால் பழைய இடத்திலேயே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

அவளும் வந்திருந்தாள். சாதாரணச் சுடிதார், தோளில் ஒரு துணிப்பை. வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம். அடுத்த வாரம் பயிற்சி. நான் அவளைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை நிமிர்ந்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. நல்லதுதான். அவள் முகத்தில் இருந்த கோபத்தை நான் நன்றாக அறிவேன். ஐந்து மாதமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்ததுதான். அவளிடம் அது நியாயமாக இருந்தது.

முடிக்கும்போது அவளுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“சொல்ல வேண்டியதை நவம்பர்லயே சொல்லிட்டேன் சார்,” என்றாள்.